சுமக்கவும் கற்க வேண்டும்



இந்த வாரம் நாம் சிந்திக்கப்போவது, நம்மில் பலருடைய வீடுகளில் இரவும் பகலும் சத்தமின்றி நடந்துகொண்டிருக்கும் ஓர் ஊழியத்தைப் பற்றியது. பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் செயலற்றுப்போன தகப்பனையோ தாயையோ, கணவனையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பராமரிக்கிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அப்படிப்பட்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளை எண்ணிப் பாருங்கள். குடும்பத்தாரின் கையில் ஒரு பை நிறைய மாத்திரைகள் இருக்கும். ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை இருக்கும். மறுபடியும் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று எழுதிய சீட்டு இருக்கும். முடிவாக ஒரு வாக்கியம் சொல்லப்படும்: "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." குடும்பத்தாரும் தலையசைத்துவிட்டு வாகனத்தில் ஏறுவார்கள். வீட்டு வாசலில் வாகனம் நின்றவுடன் முதல் கேள்வி எழும்: இவரை எப்படிக் கீழே இறக்குவது?

அதற்கு அவர்களிடம் விடை இல்லை. ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார். ஒருவர் காலைப் பிடிப்பார். இன்னொருவர் செயலற்ற கையைப் பற்றி இழுப்பார். எல்லாரும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆயினும் அந்த ஓர் இழுப்பினால் உண்டாகும் தோள்வலி பல மாதங்கள் நீடிக்கக்கூடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாத நோயாளியைப் பராமரிக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஒரு தயவு அல்ல. அது சிகிச்சையின் ஒரு பகுதி. மருத்துவமனை அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். குடும்பம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். சபை அதற்குத் தோள்கொடுக்க வேண்டும். அப்படிக் கற்றுக்கொடுத்த பிறகும் சுமை முழுவதையும் ஒருவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு நாம் விலகிக்கொள்ளக் கூடாது.

நான்கு பேர் சுமந்தார்கள்

மாற்கு சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் நடந்த அந்தச் சம்பவத்தை நாம் ஓய்வுநாள் பள்ளிக் காலம் முதல் அறிவோம். ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். ஜனக்கூட்டத்தினிமித்தம் கிட்டே நெருங்க முடியவில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை உள்ளே இறக்குகிறார்கள்.

அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவர்களுடைய கைகளைப் பற்றிச் சற்றே யோசித்தது உண்டா? தானாக அசைய இயலாத ஒரு மனிதனைக் கூரைமேல் ஏற்றி, படுக்கை ஒருபக்கம் சாய்ந்துவிடாமல் நிதானமாய்க் கீழே விடுவது எளிய காரியம் அல்லவே. நால்வரில் ஒருவர் அவசரப்பட்டிருந்தாலும் அவன் விழுந்திருப்பான். அன்பும் விசுவாசமும் அங்கே இருந்தன. ஒருவரோடொருவர் இசைந்து சுமக்கும் பக்குவமும் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுமந்தவர்கள் நான்கு பேர். நம் வீடுகளிலோ, பெரும்பாலும் நான்கு பேருக்குரிய பாரத்தை ஒருத்தியே சுமக்கிறாள்.

அன்பு மட்டும் அறியாதவை

பக்கவாதம் கையிலும் காலிலும் வெளிப்பட்டாலும் அது நேரிடுவது மூளையில். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுகிறது, அல்லது வெடித்து இரத்தம் கசிகிறது. அதனால் நடை மாத்திரமல்ல, விழுங்குதல், பேசுதல், கண்முன் இருப்பதைக் கவனித்தல், அழுகையையும் சிரிப்பையும் அடக்குதல் ஆகியவையும் பாதிக்கப்படக்கூடும். இதை அறியாதபோது அன்பு எங்கெங்கே தவறிப்போகிறது என்று பாருங்கள்.

முதலாவது, உணவு. படுத்திருக்கிறவருக்குத் தலையை இலேசாகத் தூக்கித் தண்ணீர் புகட்டுவது நம் வழக்கம். பக்கவாத நோயாளிகளில் பலருக்கு விழுங்கும் தசைகளும் தளர்ந்துபோயிருக்கும். அப்படிப்பட்டவருக்குக் கெட்டியான கூழைவிடத் தண்ணீர்தான் ஆபத்தானது; அது வேகமாய் ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். புரையேறினால் இருமல் வரும் என்று நாம் நினைக்கிறோம். சிலருக்கு இருமலே வராது. குரல் ஈரமாய்க் கரகரப்பதே அடையாளமாக இருக்கும். சில நாட்களில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டு, நிமோனியா என்று மறுபடியும் மருத்துவமனைக்கு ஓட நேரிடும். ஆகவே விழுங்கும் திறனைச் சோதித்துச் சொன்ன பிறகே வாய்வழியாக எதையும் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாயை விழுங்கினபின் மறுவாய் என்று பொறுமையாய்க் கொடுக்க வேண்டும். செயலற்ற பக்கத்துக் கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, வாயைச் சுத்தம்செய்ய வேண்டும். உண்டு முடித்து அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. மூக்கு வழியே குழாய் வைத்திருந்தால், அது நழுவிவிட்டதென்று தோன்றும் வேளையில் வீட்டிலேயே திரும்பச் செருக முயலக் கூடாது.

இரண்டாவது, தோள். தோள்மூட்டைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் தசைகளே. அவை தளர்ந்தபோது கையின் பாரமே மூட்டை இறக்கிவிடும். ஆகவே அந்தக் கையைப் பிடித்துத் தூக்கவும் கூடாது, தொங்கவிடவும் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது தலையணைமேல் தாங்கலாய் வைக்க வேண்டும். எழுப்பும்போது இடுப்பில் ஒரு பட்டியோ முறுக்கிய துண்டோ கட்டி, அதைப் பிடித்துத் தாங்கலாம். பாதங்கள் தரையில் பதிந்திருக்க, அவர் முன்னோக்கிச் சாய்ந்தபின் எழுப்பினால் பாதி பாரத்தை அவரே சுமந்துகொள்வார். நாற்காலியை அவருடைய பலமான பக்கத்தில் போட வேண்டும். நடக்கும்போது நாம் பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும். சட்டை போடும்போது செயலற்ற கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். இவை எழுதும்போது சிறிய காரியங்கள். அறியாதவர்களுக்கு ஒவ்வொரு காலையும் ஒரு போராட்டம்.

மூன்றாவது, படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பார்கள். இரவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் எழுவது யார் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். அங்கே தோன்றும் சிவப்பு, அழுத்தம் நீங்கியபின்னும் மறையாதிருந்தால் புண் தொடங்கிவிட்டதென்று பொருள். அதைத் தேய்த்துவிடுவது நன்மையல்ல, தீமை.

நான்காவது, கவனம். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர், தங்கள் இடப்பக்கத்து உலகம் இருப்பதையே உணரமாட்டார்கள். தட்டில் வலப்பக்கத்துச் சோற்றை மாத்திரம் உண்டு, மறுபாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். இடப்பக்கம் நின்று பேசுகிறவரைத் திரும்பியும் பாரார்கள். வீட்டார் அதைப் பிடிவாதம் என்பார்கள், வெறுப்பு என்பார்கள். அது நோயின் ஒரு முகம் என்று ஒருவர் விளக்கிச் சொன்னால் அந்த வீட்டில் எத்தனை சண்டைகள் இல்லாமற்போகும்!

ஐந்தாவது, பேச்சு. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் வலது கை காலோடு சொற்களும் போய்விடுகின்றன. சிலருக்கு நாம் பேசுவது விளங்கும், பதில் சொல்ல வராது. "ஆம்" என்று சொல்ல நினைத்து "இல்லை" என்பார்கள். காது நன்றாய்க் கேட்கிறவரிடம் நாம் உரக்கக் கத்துகிறோம். அறுபது வயது மனிதரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறோம். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவர் இல்லாததுபோல அவருடைய சொத்தையும் செலவையும் பேசுகிறோம். குறுகிய வாக்கியங்களில், ஒரு நேரத்தில் ஒரே காரியத்தைச் சொல்லி, பதிலுக்குக் காத்திருப்பதே அவருக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை.

மனத்துயரையும் இங்கே மறந்துவிடக் கூடாது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் உண்டாகிறது. அதற்கு மருத்துவம் உண்டு. "விசுவாசத்தில் குறைவு" என்று அதற்குப் பெயர் சூட்டுவது அநியாயம்.

பயிற்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது

இங்கே நாம் உண்மையாய் இருக்க வேண்டும். பராமரிப்போருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் நோயாளி விரைவில் எழுந்து நடப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சிகளும் அப்படிச் சொல்லவில்லை.

லண்டனில் 300 பக்கவாத நோயாளிகளின் குடும்பங்களை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2004-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. பயிற்சி பெற்ற குடும்பங்களில் பராமரிப்போரின் சுமையும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஓராண்டுச் செலவும் குறைந்திருந்தது. நோயாளிகளின் உடல் இயலாமையிலோ வேறுபாடு காணப்படவில்லை. அதே பயிற்சியைப் பிரிட்டனின் 36 மருத்துவப் பிரிவுகளில் 928 நோயாளிகளையும் அவர்களைப் பராமரிக்கிறவர்களையும் கொண்டு விரிவாய்ச் சோதித்தபோது, அந்த நன்மையும் தென்படவில்லை. 2013-இல் லான்செட் இதழில் வெளிவந்த அந்த ஆய்வில், பக்கவாதம் கண்டு சில நாட்களே ஆன வேளை இத்தகைய பயிற்சிக்கு ஏற்ற காலமாய் இல்லாதிருக்கலாம் என்றும் எழுதினார்கள்.

நம் நாட்டிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர் முன்நின்ற அந்த ஆய்வில், இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து, வீட்டிலும் சென்று கண்டார்கள். ஆறு மாதங்களுக்குப்பின் பார்த்தபோது, மரணமடைந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்கிறவர்களும் சேர்ந்து இரு பகுதியிலும் 47 சதவீதமாகவே இருந்தார்கள். 2017-இல் வெளியான முடிவு இது.

அப்படியானால் பயிற்சி வீணா? சிலர் அவ்வாறு சொல்லக்கூடும். நான் வேறு இரண்டு பாடங்களைக் காண்கிறேன்.

ஒன்று, குடும்பத்தாரை இயன்முறை மருத்துவருக்கு மாற்றாக நிறுத்த முடியாது. செலவைக் குறைக்கும் பொருட்டு, "வீட்டிலேயே மகள் செய்துவிடுவாள்" என்று எந்தத் திட்டமாவது எண்ணுமானால் அதை நாம் ஏற்கக் கூடாது. தேர்ந்தவர்கள் செய்ய வேண்டியதைத் தேர்ந்தவர்களே செய்ய வேண்டும். குடும்பத்தார் கற்க வேண்டியது நோயைக் குணமாக்கும் வித்தையல்ல. நோயாளிக்குப் புதிய தீங்கு நேராமலும், தங்கள் சொந்த முதுகு முறியாமலும் ஒரு நாளைக் கடத்தும் வகையையே அவர்கள் கற்க வேண்டும். புரையேறாமல் ஊட்டுவதும், தோளை இழுக்காமல் எழுப்புவதும் ஒருவரை நடக்கவைக்காமல் இருக்கலாம். அதற்காக அவற்றை அறியாமலிருக்கலாம் என்று யார் சொல்லுவார்?

இரண்டு, கற்றுக்கொடுக்கும் வேளை முக்கியம். கணவன் விழுந்து ஐந்து நாட்களே ஆன மனைவியிடம், வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் ஒரு செவிலியர் பத்து நிமிடம் விளக்குவதால் என்ன பயன்? அவள் காது கேட்கும், மனம் கேளாது. முதலில் மருத்துவமனையில் அவசரத் தேவைகளை மாத்திரம் கற்றுக்கொடுத்து, வீட்டின் கட்டிலிலும் வீட்டின் கழிப்பறை வாசலிலும் வைத்து மறுபடியும் காட்டி, சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை வந்து திருத்த வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் கற்றது பாய்மேல் படுத்திருக்கிறவருக்கு அப்படியே உதவாது. குடும்பம் கேள்வி கேட்கத் தொடங்குவதே வீட்டுக்கு வந்த பிறகுதான்.

சுமக்கிறவளைச் சுமப்பது யார்?

நம் வீடுகளில் பராமரிப்பது பெரும்பாலும் பெண்களே. மனைவி, மகள், மருமகள். அவளுக்கே முழங்கால்வலி இருக்கலாம். சர்க்கரை நோய் இருக்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் வேலையை விட்டிருக்கலாம். வாரக்கணக்கில் அவள் ஆராதனைக்கு வருவதில்லை. முதல் மாதம் நாம் விசாரிக்கிறோம். ஆறாம் மாதம் அவள் பெயரையே மறந்துவிடுகிறோம்.

நாம் போய்ப் பார்க்கும்போது என்ன சொல்கிறோம்? "இது ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை, பொறுமையாய்ச் சும" என்கிறோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் இரவெல்லாம் உறங்காத ஒருத்தியின் முன் நின்று, ஒரு கை கொடுக்காமல் அதைச் சொல்வது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். அவளுடைய பொறுமையைப் புகழ்வது, அவளுக்கு உதவாதிருக்க நாம் கண்டுபிடித்த வழியாகிவிடக் கூடாது. களைத்துப்போன கை கடிந்து நடத்தும். களைத்துப்போன நாவு புண்படுத்தும். பிறகு அதற்காக அவள் தனியே அழுவாள். இப்படி அழுகிறவர்களைப் போதக ஊழியத்தில் நான் அடிக்கடி காண்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், ஓய்வில்லாதவர்கள்.

ஆகவே பயிற்சி என்று நான் சொல்லும்போது, பராமரிக்கிறவள் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முதுகை வளைத்துத் தூக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது அதில் ஒன்று. உதவி கேட்பது இன்னொன்று. தூக்கம் தேவை என்று வெட்கமில்லாமல் சொல்வதும் அதில் அடங்கும்.

சபை செய்யக்கூடியவை

நம்முடைய சபைகளில் செவிலியர்கள் இருக்கிறார்கள், இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். வாத்தியக் குழுவுக்கு ஒத்திகை நடக்கும் அதே மண்டபத்தில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு கட்டிலும் ஒரு சக்கர நாற்காலியும் போட்டு இவற்றைச் செய்துகாட்ட முடியாதா? எந்த மதத்தவராயினும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களையும் அழைக்கலாம். வாலிபர்களும் கற்கட்டும், ஆண்பிள்ளைகள் கட்டாயம் கற்கட்டும். தகப்பனைப் புரட்டிப் படுக்கவைக்க மகனுக்குத் தெரியாது என்பது இனியும் ஒரு சாக்காய் இருக்க வேண்டாம்.

இரண்டாவது, ஒரு பட்டியல் எழுதுங்கள். கற்றுக்கொண்டவர்களில் வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடியவர்கள் யார்? அந்த இரண்டு மணி நேரம் அவர்கள் நோயாளியின் அருகில் அமர, வீட்டுக்காரி உறங்கலாம், வங்கிக்குப் போகலாம், ஆராதனைக்கு வரலாம். பழக்கூடை கொண்டுபோவதைவிட இது பெரிய காணிக்கை. பழச்சாறு கொண்டுபோகிறவர்கள், அவர் அதைப் பத்திரமாய் விழுங்குவாரா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, சந்திக்கப் போகும்போது நம்முடைய முறையைத் திருத்திக்கொள்வோம். பத்துப் பேர் ஒரே அறையில் நுழைந்து ஒரே நேரத்தில் உரத்த சத்தமாய் ஜெபிப்பது, காயமுற்ற மூளைக்குப் பெரும் பாரம். செயலற்ற கையைத் தூக்கிக் குலுக்காதிருங்கள். "எழுந்து நட" என்று அவரைக் கட்டிலிலிருந்து இழுக்காதிருங்கள். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஜெபவேளையில் அவர் திடீரென விம்மி அழுதால், அது மனந்திரும்புதலின் கண்ணீர் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பக்கவாதத்துக்குப்பின் சிலருக்குக் காரணமின்றியே அழுகையோ சிரிப்போ பீறிடும். அமைதியாய்க் காத்திருந்தால் அது அடங்கும்.

போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் திருவிருந்து கொடுக்கும்போது, அப்பமும் ரசமும் அவருக்கு எப்படிக் கொடுக்கப்பட வேண்டும் என்று பராமரிக்கிறவரிடம் கேட்டு அறியுங்கள். உலர்ந்த அப்பமும் மெல்லிய பானமும் விழுங்க இயலாதவருக்குக் கடினமானவை. நிமிர்த்தி உட்காரவைத்து, தகுந்த பதத்தில், மிகச் சிறிய அளவில் கொடுப்பதால் அந்தத் திருவிருந்தின் மகிமை குறைந்துபோகாது.

பாடலையும் மறவாதிருங்கள். பேச்சை இழந்த சிலர், நன்றாய்ப் பழகிய பாடலைச் சொற்களோடு பாடிவிடுவதுண்டு. தன் பெயரைச் சொல்ல இயலாதவர் சிறுவயதில் பாடிய கீர்த்தனையின் அடிகளைச் சேர்ந்து பாடுவார். பாடலில் மூளையின் மற்றப் பகுதிகளும் துணைநிற்பதால் இது நிகழ்கிறது. ஆகவே நீண்ட பிரசங்கத்தைவிட, மெதுவாய்ப் பாடும் ஒரு பழைய பாடல் அந்த வீட்டில் அதிகம் பேசும்.

நான்காவது, இருக்கிற உதவிகளை அறிந்து சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பல குடும்பங்களுக்கு இது தெரியாமலே, புறா இரத்தம் தடவினால் வாதம் போகும் என்கிற பேச்சை நம்பிப் பணத்தையும் முதல் மாதங்களையும் இழக்கிறார்கள். மூளை மீளக் கற்கும் வேகம் அதிகமாயிருப்பது அந்த முதல் மாதங்களில்தான். தைலம் தேய்ப்பதா வேண்டாமா என்பது வேறு. அதற்காக இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது மறுமுறை பக்கவாதத்தை வரவழைப்பதாகும்.

வீடு திரும்புமுன் கேளுங்கள்

உங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் மருத்துவமனையில் இருப்பாரானால், "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்படும்போது தலையசைத்துவிட்டு வந்துவிடாதிருங்கள். தாழ்மையாய், ஆனால் விடாமல் கேளுங்கள்.

இவர் எதை, எந்தப் பதத்தில் விழுங்கலாம்? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை எங்களுக்குச் செய்துகாட்டி, எங்களையும் ஒருமுறை உங்கள் முன் செய்யச் சொல்லுவீர்களா? எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் படுக்கவைக்க வேண்டும்? குழாய்களை எப்படிப் பராமரிப்பது, எப்போது மாற்றுவது? எந்த மாத்திரையை ஒருபோதும் நிறுத்தக் கூடாது? எந்தப் பயிற்சியை நாங்கள் செய்யலாம், எதை இயன்முறை மருத்துவரே செய்ய வேண்டும்? சந்தேகம் வந்தால் எந்த எண்ணில் யாரை அழைப்பது? ஒரு மாதம் கழித்து மறுபடியும் யார் கற்றுக்கொடுப்பார்?

செய்துகாட்டுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்ய அனுமதி கேளுங்கள். வீட்டில் இரவில் பார்க்கும் இரண்டாவது ஆளுக்கும் அது பயன்படும். ஒருவர் மாத்திரம் கற்க வேண்டாம். குறைந்தது இருவராவது கற்றுக்கொள்ளுங்கள்.

மறுபடியும் வரக்கூடும் என்பதையும் அறிந்திருங்கள். முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல், இவற்றில் எது திடீரெனத் தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். இரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

அன்பானவர்களே, சுகமளிப்பது தேவனுடைய கரத்தில் இருக்கிறது என்று நாம் விசுவாசிக்கிறோம். ஜெபிப்பதை ஒருபோதும் விட்டுவிட வேண்டாம். அதே வேளையில், முழங்காலில் நின்று எழுந்தபின் கட்டிலருகே போய் நிற்கக் கற்றுக்கொள்வோம். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அது எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும். இந்த வாரம் அங்கே போங்கள். நோயாளியை விசாரித்தபின், பராமரிக்கிறவளையும் பெயர் சொல்லி விசாரியுங்கள். "நேற்று இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலுக்கு ஏற்றபடி, எந்த நாளில் எத்தனை மணிக்கு நீங்கள் வந்து அவருடைய அருகில் இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடியே போங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளைப் பழக்குவிப்பாராக. அடுத்த வாரம் சந்திப்போம்.